பூ முடிந்தாலும் இலையை வெட்டாதீர்கள்

பங்குனி பிறந்தால் லண்டனில் இருக்கும் சொந்தக்காரர் மஞ்சள் டஃபோடில் படங்களை அனுப்பத் தொடங்கிவிடுவார்கள். "எங்கட வளவிலயும் வைக்கலாமோ?" என்ற கேள்வியும் கூடவே வரும். கிளிநொச்சியில் நட்டால் இலை வரும், பூ வராது.

காரணம் குளிர். டஃபோடிலின் மொட்டு முந்திய கோடையிலேயே கிழங்குக்குள் மிகச் சிறிதாக உருவாகிவிடும். அது தண்டு நீட்டி மேலே வர, சுமார் 9 பாகை செல்சியசுக்குக் குறைந்த குளிரில் 12 முதல் 16 கிழமை கிடக்கவேண்டும். வன்னியின் தை மாதப் பனி இரவுகூட அதற்குக் கிட்ட வராது. ஃபிரிட்ஜில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் பக்கத்தில் பழம் இருந்தால் அது விடும் எத்திலீன் வாயு உள்ளிருக்கும் மொட்டைக் கெடுத்துவிடும்.

இவ்வளவு பாடு எதற்கு? கிழங்கிலிருந்து வரும், அதைவிட அழகான பூ ஒன்று எங்கள் பற்றைக் காடுகளிலேயே இருக்கிறது: கார்த்திகைப்பூ. டஃபோடில் குளிருக்குக் காத்திருப்பதுபோல இது மழைக்குக் காத்திருக்கும். கோடை முழுக்க மண்ணுக்குள் உறங்கிவிட்டு, மாரி மழையில் மண் நனைந்ததும் முளைக்கும். அப்புறம் இலை நுனியே சுருளாகிக் கிளுவைக் கதியாலைப் பற்றிக்கொண்டு ஏறும். பூவைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஆறு இதழ்களும் மேல்நோக்கி வளைந்திருக்கும். பச்சை கலந்த மஞ்சளில் தொடங்கி நாளுக்கு நாள் சிவக்கும். சூல் தண்டோ அடியிலேயே செங்கோணமாக மடிந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சொந்த மகரந்தம் அதன் மேல் எளிதில் படாது.

பூ உதிர்ந்ததும் பலர் வேலியைத் துப்புரவாக்குகிறோம் என்று கொடியை அறுத்துவிடுகிறார்கள். அதைத்தான் செய்யக்கூடாது. பழைய கிழங்கு அந்த வருடக் கொடியை வளர்த்தே சுருங்கிப்போகும். பூத்த பிறகும் பச்சையாக நிற்கும் இலைகள்தான் வெயிலில் சர்க்கரை செய்து கீழே அனுப்புகின்றன. அது மாவாகச் சேர்ந்து புதுக் கிழங்கு பருக்கிறது. இலையை அறுத்தால் கிழங்கு சிறுத்துவிடும். அடுத்த கார்த்திகையில் கொடி வந்தாலும் பூ இருக்காது. டஃபோடிலுக்கும் இதே கணக்குத்தான்: பூத்து ஆறு கிழமைக்காவது இலையை விடவேண்டும். இலை தானாக மஞ்சளாகிக் காயட்டும், சரியா?

காய்ந்தபின் கிழங்கைத் தோண்டி இடம் மாற்றலாம். ஆங்கில வி எழுத்துப் போல இரண்டு கையாக இருக்கும். முளை ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒன்றே ஒன்றுதான். நுனி ஒடிந்தால் அந்தக் கை முளைக்காது. இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் படுக்கவைத்து நடுங்கள். நீர் வடியும் மண் வேண்டும்; ஈரம் காயாத கிணற்றடியில் அழுகிவிடும். கோடையில் தண்ணீர் ஊற்றவேண்டாம்.

ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். செடி முழுவதும் நஞ்சு, கிழங்கிலும் விதையிலும் அதிகம். அதிலுள்ள கொல்சிசின் உயிரணு பிரிவதையே நிறுத்திவிடும். மிகச் சிறிய அளவில் கவுட் (gout) என்னும் மூட்டு நோய்க்கு மருந்தாகும் இதே பொருள்தான், வற்றாளங்கிழங்கு என்று நினைத்துச் சாப்பிட்டவர்களின் உயிரை இலங்கையில் எடுத்திருக்கிறது. சில மணித்தியாலங்களில் வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். அது அடங்கினாலும் நாட்கள் கழித்து இரத்த அணுக்கள் குறையும், முடி கொட்டும். எனவே தோண்டும்போது கையுறை போடுங்கள், பிள்ளைகள் எட்டாத வேலிப்பக்கம் நடுங்கள். யாராவது வாயில் வைத்துவிட்டால், வாந்தி வரும்வரை பார்த்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கிழங்கின் மிச்சத்தையும் கையோடு எடுத்துப்போங்கள்.