முட்டிச் சில்லு வலிக்குக் கால்சியம் எதற்கு?

இந்த வாரமும் ஒருவர் வந்தார். வயது 26, கும்பகோணத்தில் ஜவுளிக்கடை வேலை. மாடிக்கும் கீழுக்குமாகத் துணிக்கட்டோடு நாள் முழுக்க நடை. ஆறு மாத முட்டி வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய கால்சியம் டப்பாவை மேஜையில் வைத்து, "இதைவிடப் பவர் கூடினது இருக்கா சார்?" என்கிறார்.

கால்சியம் எலும்புக்கு, ஐயா! சில்லின் உட்புறம் வழவழவென்று போர்த்தியிருக்கும் குருத்தெலும்பில் பெரும்பங்கு தண்ணீர், மிச்சத்தில் முக்கியமானது கொலாஜன் என்கிற புரத நார். ரத்தக்குழாயே இல்லாத இடம் அது. எத்தனை மாத்திரை விழுங்கினாலும் அங்கே போய் ஒட்டாது. ரத்தப் பரிசோதனையில் கால்சியம் குறைவு என்றால் சாப்பிடுங்கள், அது வேறு கணக்கு.

சரி, சில்லுதான் என்று எப்படித் தெரியும்? எங்கே வலி என்று கேட்டால் ஒரு விரலால் காட்ட மாட்டார்கள், உள்ளங்கையால் சில்லையே மூடிக் காட்டுவார்கள். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் பலருக்குக் கஷ்டம். சுவாமிமலையில் 60 படியையும் ஏறிவிடுவார்கள், இறங்கும்போது கைப்பிடிச் சுவரைத் தேடுவார்கள். திருவாரூரிலிருந்து தஞ்சாவூர் வரை பஸ்ஸில் காலை மடக்கியே உட்கார்ந்து வந்தால், எழுந்ததும் முதல் நாலைந்து அடிக்கு முட்டி ஒத்துழைக்காது. குந்தி நகர்ந்தே உளுந்து பிடுங்குகிற அக்காக்களுக்குச் சாயங்காலம் லேசான வீக்கமும் இருக்கும். (நடவுக்காரர்கள் பெரும்பாலும் என்னிடம் இடுப்பு வலியோடுதான் வருகிறார்கள்.) மடக்கி நீட்டும்போது கரகரவென்று சத்தம் வரலாம். வலியில்லாத வெறும் சத்தம் என்றால் விட்டுத்தள்ளுங்கள்.

எக்ஸ்ரே நார்மல் என்று நிம்மதியாகிவிடாதீர்கள், குருத்தெலும்பு அதில் தெரியாது. அதற்காக ஓடிப்போய் எம்ஆர்ஐ எடுக்கவும் வேண்டாம். முதலில் கையால் அசைத்துப் பார்க்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

வலிக்கிற சில்லை எண்ணெய் போட்டு அழுத்தி நீவாதீர்கள், தயவுசெய்து. தொடைத் தசைக்கு வேலை கொடுங்கள். காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, முட்டியாலேயே அதைக் கீழே அழுத்தி, ஐந்து விநாடி அப்படியே இருந்து தளர்த்துங்கள். பத்துப் பத்தாக, காலையும் மாலையும். சைக்கிள் சீட் தாழ்ந்திருந்தால் உயர்த்துங்கள். படி இறங்கும்போது வலிக்கிற காலை முதலில் வையுங்கள், ஏறும்போது நல்ல காலை.

முட்டி பூட்டிக்கொண்டாலோ, காய்ச்சலோடு சிவந்து சுட்டாலோ, ஊன்றவே முடியாவிட்டாலோ அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். அப்போது பயிற்சியும் வேண்டாம்.