தேதிச் சீட்டு சொல்லும் கணக்கு

பள்ளி நூலகம் எப்படி இருக்கிறது என்று கேட்டால் எச்.எம். முதலில் சொல்வது ஒரு எண்ணைத்தான்: "மூவாயிரம் புத்தகம் இருக்குங்க." பள்ளிகளின் விவரம் திரட்டும் மத்திய அரசின் யூடைஸ் படிவமும் புத்தகம் எத்தனை என்றே கேட்கிறது. தமிழக எல்லையை ஒட்டிய, கேரளத்தின் சித்தூர் தாலுகாவில் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதிப் பக்கம் தமிழ்வழி வகுப்புகளான தமிழ் டிவிஷனும் மலையாள டிவிஷனும் ஒரே வளாகத்தில் நடக்கும். ஒரு பள்ளியில் பிள்ளைகள் 400 பேர், அதில் பாதி தமிழ் டிவிஷன், 3,000 புத்தகத்தில் தமிழ் 250 என்று வைத்துக்கொள்வோம். பொதுச் சராசரி தலைக்கு ஏழரை. தமிழ்ப் பிள்ளைக்குத் தன் மொழியில் கிடைப்பது ஒன்றேகால். அந்த 250இலும் பழைய கைடுகளைக் கழித்துவிட்டு, நாலாம் வகுப்புப் பிள்ளை வாசிக்கக்கூடியது எத்தனை என்று பார்த்தால் எண் இன்னும் இறங்கும். சர்வதேச நூலகக் கூட்டமைப்பும் யுனெஸ்கோவும் 2002இல் தந்த வழிகாட்டி மாணவருக்குப் பத்துப் புத்தகம் என்றது. அந்தப் பத்தை எந்த மொழியில் எண்ணுவது என்பதுதான் எல்லையோரப் பள்ளியின் கேள்வி.

எண்ணிக்கைக்கு அடுத்தது பயன்பாடு. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் நூலகங்களுக்கு வகுத்த ஐந்து விதிகளில் முதலாவதே, புத்தகம் பயன்படுத்துவதற்காக என்பது. பயன்படுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 1969இல் வாங்கிய புத்தகங்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். கிட்டத்தட்ட 40 விழுக்காடு, அடுத்த ஆறேழு ஆண்டுகளில் ஒருமுறைகூட இரவல் போகவில்லை. பணமும் பணியாளரும் குறைவில்லாத இடத்தின் கதை அது.

நம் பள்ளியில் இதே சோதனையை ஒரு மதியத்தில் செய்துவிடலாம். கருவி, இரவல் தேதியைக் குறிக்கப் புத்தகத்தின் பின்அட்டையில் ஒட்டிய தேதிச் சீட்டு. சீட்டு இல்லாத பள்ளியில் இஷ்யூ ரிஜிஸ்டர். நூறு புத்தகம் எடுத்து, கடந்த ஓராண்டில் தேதி விழுந்தவை எத்தனை என்று எண்ண வேண்டும். நாற்பது என்று வந்தால், மொத்த நூலகத்தின் உண்மை நிலை ஏறக்குறைய 30க்கும் 50க்கும் இடைப்பட்ட விழுக்காடாக இருக்கும். மூவாயிரத்தையும் புரட்ட வேண்டாம்.

நூறை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் பலர் சறுக்குவார்கள். அலமாரியிலிருந்து எடுத்தால் கணக்கு பிசகும். பிள்ளைகள் விரும்பும் புத்தகம் அந்நேரம் யார் வீட்டிலோ இருக்கும். யாரும் தொடாததுதான் அலமாரியில் கிடைக்கும். அதனால் ஸ்டாக் ரிஜிஸ்டரில் முப்பதுக்கு ஒன்றாக எண்களைக் குறித்துக்கொண்டு, அந்தப் புத்தகங்களைத் தேட வேண்டும். கிடைக்காதவற்றையும் தனியே குறிக்க வேண்டும். தமிழ்ப் புத்தகம் குறைவென்றால் அதற்குத் தனியாக ஒரு மாதிரி எடுப்பது நல்லது. இல்லாவிட்டால் நூறில் எட்டோ ஒன்பதோதான் தமிழாக வரும். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

வகுப்பறையிலேயே வாசித்துவிட்டு வைக்கும் புத்தகத்தில் தேதி விழாது. அதற்குக் கண்தான் கருவி. பிரதம் என்ற தொண்டு அமைப்பு கல்வி நிலையை அறிய நடத்தும் அசர் கணக்கெடுப்பில், பள்ளிக்குப் போகும் கணக்கெடுப்பாளர்கள் நூலகப் புத்தகம் இருக்கிறதா என்பதோடு, அன்றைக்குப் பிள்ளைகள் அதைப் பயன்படுத்துவதைப் பார்த்தார்களா என்றும் பதிகிறார்கள். எளிய கேள்வி, கெட்டிக்காரக் கேள்வி. ஆனால் கேரளத்தில் ஜூன் 19ஐ ஒட்டிப் போகக் கூடாது. கேரள நூலக இயக்க முன்னோடி பி.என்.பணிக்கரின் நினைவுநாளான அன்றுதான் வாசிப்பு தினம். அந்த வாரம் பீரோவில் இருப்பதெல்லாம் மேசைக்கு வந்துவிடும்.

பீரோ என்றதும் சாவி. புத்தகம் திறந்த அலமாரியிலா பூட்டிலா, சாவி யாரிடம், அவர் லீவு போட்டால் என்ன ஆகும், மேல்தட்டு மூன்றாம் வகுப்புக் கைக்கு எட்டுமா: அணுகலை அளக்க இவையே போதும். பூட்டுக்குக் காரணம் பெரும்பாலும் பயம். தொலைந்தால் தன் கையிலிருந்து பணம் கட்ட வேண்டிவருமோ என்று பொறுப்பாசிரியர் அஞ்சுகிறார். மத்திய அரசின் பொது நிதி விதிகளே (2017, விதி 215) இதில் தாராளம்: வாசிப்புக்குப் போகும் ஆயிரத்தில் ஐந்து தொலைவது, கவனக்குறைவோ நேர்மையின்மையோ இல்லாதவரை, ஏற்கத்தக்கது. மாநிலப் பள்ளியை அந்த விதி நேராகக் கட்டாது என்றாலும் கணக்கு பொருந்தும். நூலகத்தை அளக்கும் தாளில் இதற்கும் ஒரு வரி வேண்டும்: போன ஆண்டு தொலைந்தவை எத்தனை, பணம் கட்டியது யார்.