பிளேனர் அலகும் ஒரு மரக் குச்சியும்

களுவாஞ்சிக்குடியில் கதவு, ஜன்னல் செய்யும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணன், மரம் சீவுற பிளேனர் மெசினுக்குப் புது அலகு போட்டதிலிருந்து பலகையின் கடைசி இரண்டு அங்குலம் மட்டும் பள்ளமாகச் சீவுது. நானே கழற்றிச் சரிசெய்யலாமா?"

செய்யலாம். முதலில் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிக் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் போடுங்கள். சுவிட்சை மட்டும் நம்பவேண்டாம். கரண்ட் போன நேரத்தில் சுவிட்ச் போட்டபடியே கிடந்து, அலகில் கை இருக்கும்போது கரண்ட் திரும்பி வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

காரணம் எளிது. சுற்றும் அலகின் உச்சி, மரம் வெளியே வரும் பக்கத்து மேசையைவிட, அதாவது பின்மேசையைவிட, உயரமாக நிற்கிறது. பலகையின் வால், மரத்தைக் கொடுக்கும் பக்கத்து முன்மேசையை விட்டதும் பலகை அந்த அளவுக்குக் கீழே இறங்கும், அலகு தோண்டிவிடும். அப்படியென்றால் அலகும் பின்மேசையும் ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும். அதை எப்படி அளப்பது?

இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த விசயம் வருகிறது. நேரான முதிரை மரக் குச்சி ஒன்றைப் பின்மேசையில் வைத்து, நுனி அலகுக்கு மேலே நீட்டியிருக்க, மேசை விளிம்புக்கு நேரே பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். கப்பியைப் பிடித்து, அலகுகள் பூட்டியிருக்கும் உருளையைக் கையால் மெல்லச் சுற்றினால் அலகு குச்சியைத் தொட்டு, லேசாகத் தூக்கி, கொஞ்சம் நகர்த்திவிட்டுப் போகும். விளிம்புக்கு நேரே இரண்டாவது கோடு போடுங்கள். இடைவெளி 3 மில்லிமீற்றர் என்றால் அலகு எவ்வளவு உயர்ந்திருக்கிறது? பாதி தூரத்தின் வர்க்கத்தை வட்டத்தின் விட்டத்தால் வகுத்தால் போதும், பைதகரசின் தேற்றத்திலிருந்து வருவதுதான். அலகு நுனி சுற்றும் வட்டத்தின் விட்டம் 60 மில்லிமீற்றர் என்றால் 2.25ஐ 60ஆல் வகுக்க, 0.04 மில்லிமீற்றருக்கும் குறைவு. தலைமயிரின் தடிப்புக்கூட இல்லை! கண்ணால் பார்க்கவே முடியாத உயரத்தைப் பள்ளிக்கூட அடிமட்டத்தால் அளந்துவிட்டீர்கள். குச்சி 6 மில்லிமீற்றர் நகர்ந்தால் உயரம் நான்கு மடங்கு, 0.15. உங்கள் பள்ளம் அநேகமாக இந்த அளவில்தான் இருக்கும்.

ஒவ்வோர் அலகிலும் இரு முனையிலும் நடுவிலும் பாருங்கள், எல்லா இடத்திலும் 3 வரவேண்டும். ஓர் அலகு மட்டும் உயர்ந்திருந்தால் அது ஒன்றே சீவும், மற்றது சும்மா சுற்றும், பலகையில் அலைஅலையாகக் கோடு விழும்.

போல்ட்டுகளை ஒரேயடியாக இறுக்காமல் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக மாறிமாறி இறுக்குங்கள், இறுக்கும்போது அலகு ஊர்ந்து ஏறும் என்பதால் அப்புறம் திரும்பவும் குச்சி வைத்துப் பாருங்கள். நிமிடத்துக்கு 5000 சுற்றில் 200 கிராம் அலகு ஏறக்குறைய 100 கிலோ பாரம் தொங்குவதுபோல வெளியே இழுக்கும்.

எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் யாருக்காவது கை வெட்டுப்பட்டால் கண்ணூறு என்று தேசிக்காய் கட்டுவார்கள். சரஸ்வதி பூசைக்கு மெசினுக்குச் சந்தனப் பொட்டு நானும் வைப்பேன், அது தொழிலுக்குச் செய்யும் மரியாதை. ஆனால் தளர்ந்த போல்ட்டைத் தேடாமல் தேசிக்காயோடு நிறுத்தினால் எனக்குக் கோபம் வரும், அடுத்த கை அதே இடத்தில்தானே போகும்.

எல்லாம் இறுக்கியதும் ஸ்பேனரை எடுத்துவிட்டீர்களா என்று பார்த்து, உருளையைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, காவல் மூடியைப் போட்டு, பக்கவாட்டில் நின்றுகொண்டு ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிடுங்கள் தம்பி. சத்தம் சீராக இருந்தால் பலகையைக் கொடுங்கள்.