நீளமாக ஒரு 'ர்ர்ர்', பிறகு நான்கு விநாடி அமைதி

டொராண்டோவில் இருக்கும் அண்ணனுக்கு முதன்முதலாகப் போன் போட்டது ஓர் ஐ.எஸ்.டி. பூத்திலிருந்து. எண்ணை அழுத்திக் காத்திருந்தேன். நீளமாக ஒரு 'ர்ர்ர்ர்'. அப்புறம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டது என்று ரிசீவரை வைத்துவிட்டேன். மூன்று தடவை இப்படியே. நான்காவது தடவை நான் வைப்பதற்குள் அண்ணன் எடுத்துவிட்டார். "யாருடா அது, மணி ஒரு தடவை அடிச்சு அடிச்சு நின்னு போகுது?"

லைன் கட்டாகவே இல்லை. கனடாவிலும் அமெரிக்காவிலும் ரிங் போவதே அப்படித்தான்: 2 விநாடி ஒலி, 4 விநாடி அமைதி. நம் காது பழகியது இரட்டை மணிக்கு. 0.4 விநாடி ஒலி, 0.2 விநாடி இடைவெளி, மறுபடி 0.4 விநாடி ஒலி, பிறகு 2 விநாடி அமைதி. இது பிரிட்டன் விட்டுச்சென்ற வழக்கம். அதனால் லண்டனுக்கோ கொழும்புக்கோ சிங்கப்பூருக்கோ கோலாலம்பூருக்கோ பேசினால் காது தடுமாறாது. ஜெர்மனியில் 1 விநாடி ஒலி, 4 விநாடி அமைதி. பிரான்சில் ஒன்றரை விநாடி ஒலி, மூன்றரை விநாடி அமைதி.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நாம் கேட்பது அங்கே அடிக்கும் மணியின் ஓசை அல்ல. எதிராளியின் போனை இணைத்திருக்கும் எக்ஸ்சேஞ்ச், அந்தப் போனுக்கு மணியடிக்கும் மின்சாரத்தை அனுப்புகிறது. நமக்கு 'ரிங் போகிறது' என்று சொல்ல வேறொரு ஒலியை அனுப்புகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. நமக்கு ரிங் கேட்கும் முன்பே சிலர் "ஹலோ" என்பது இதனால்தான். ஒலியை உண்டாக்குவது அந்த நாட்டு எக்ஸ்சேஞ்ச் என்பதால், அது அந்த நாட்டு வழக்கத்தில்தான் ஒலிக்கும்.

சுருதியும் மாறும். வட அமெரிக்க ரிங்கில் 440, 480 ஹெர்ட்ஸ் என இரண்டு ஒலிகள் கலந்திருக்கின்றன. தம்புராவின் இரண்டு தந்திகள் சுருதி சற்றே விலகினால் நாதம் அலையடிக்குமே, அதேதான் இங்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 40, விநாடிக்கு 40 அலைகள் என்பதால் காதுக்குக் கரகரப்பாகக் கேட்கிறது. ஜெர்மனியில் 425 ஹெர்ட்ஸ் மட்டும். சுத்தமான 'பீ...'. கரகரப்புக்குப் பழகிய நமக்கு அது ஏதோ கோளாறு போலத் தோன்றும்.

அப்படியானால் பிஸியை எப்படிக் கண்டுபிடிப்பது? சுருதியை விடுங்கள், தாளத்தைக் கேளுங்கள். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஈ.180 என்ற பரிந்துரை இதற்கு நல்ல வழி சொல்கிறது. ரிங்கில் ஒலியைவிட அமைதி நீளமாக இருக்கும். பிஸியில் ஒலியும் அமைதியும் சம அளவில், வேகமாக வரும். அமெரிக்காவில் அரை விநாடிக்கு அரை விநாடி. இந்தியாவில் முக்கால் விநாடிக்கு முக்கால் விநாடி. ஏறுவரிசையில் மூன்று ஒலிகள் வந்தால், பெரும்பாலும் அடுத்து ஓர் அறிவிப்பு வரும், வைத்துவிடாதீர்கள்.

இந்த வழி எடுபடாத இடமும் உண்டு. நிற்காமல் ஒரே சீராக வரும் ஒலி ஜெர்மனியில் டயல் டோன், 'எண்ணை அழுத்தலாம்' என்று பொருள். பிரிட்டனில் அதே மாதிரியான 400 ஹெர்ட்ஸ் ஒலிக்கு 'இந்த எண் கிடைக்காது' என்று பொருள்.

மொபைல் வந்த பிறகு இது கொஞ்சம் குழம்பிவிட்டது. காலர் ட்யூன் வைத்திருந்தால் ரிங்கே கேட்காது. இப்போதைய 4ஜி அழைப்புகளில் 'அங்கே மணி அடிக்கிறது' என்ற தகவல் மட்டும் வந்து, ஒலியை நம் போனே எழுப்புவதும் உண்டு. ஆனாலும் பழைய வழக்கம் முழுதாகப் போய்விடவில்லை. உள்ளூரில்தான் இருக்கிறார் என்று நினைத்து நண்பரைக் கூப்பிடும்போது நீண்ட ஒற்றை 'ர்ர்ர்' கேட்டால், ரோமிங்கில் எங்கோ வெளிநாட்டில் இருக்கிறாரோ என்று யோசியுங்கள். அங்கே நடுராத்திரியாகவும் இருக்கலாம்.