கட்டிக்கு ரத்தம் எங்கிருந்து வருகிறது?

தாராவியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “அக்காவுக்கு 44 வயசு. வயிறு உப்பிக்கொண்டே வந்தது. ஸ்கேனில் சினைப்பை பக்கம் பெரிய கட்டி, வயிற்றில் நீர். புற்றுநோய்க்குப் பார்க்கும் சிஏ 125 ரத்தப் பரிசோதனையில் அளவு 280. கேன்சர்தான் என்று வீட்டில் எல்லாரும் அழுகிறார்கள். டாக்டரோ கர்ப்பப்பைக் கட்டியாகவும் இருக்கலாம், எம்.ஆர்.ஐ. எடுங்கள் என்கிறார். அப்படியும் இருக்குமா?”

இருக்கும். கர்ப்பப்பைத் தசையில் வளரும், புற்றுநோய் அல்லாத ஃபைப்ராய்டு கட்டி சில சமயம் வெளிப்பக்கமாக வளர்ந்து, காம்பு விட்டுத் தொங்கும். சினைப்பையை ஒட்டிக் கிடந்தால் அதிலேயே முளைத்ததுபோலத் தெரியும். உள்ளே திசு சிதைந்து நீர் கோத்துக்கொண்டால் பார்ப்பதற்கும் புற்றுநோய் போலவே இருக்கும். அபூர்வமாக வயிற்றிலும் நுரையீரலைச் சுற்றியும் நீர் சேரும்.

சிஏ 125 என்ற புரதத்தை இனங்காணும் ஆன்டிபாடியை 1981-இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் பாஸ்ட்டின் குழு வெளியிட்டது. வழக்கமான வரம்பு 35. ஆனால் வயிற்றறையின் உட்சவ்வை எது உறுத்தினாலும் இந்தப் புரதம் ஏறும்: ஃபைப்ராய்டு, மாதவிலக்கு, எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உட்படலம் போன்ற திசு வெளியே வளர்வது), நம் நாட்டில் முக்கியமாக வயிற்றுக் காசநோய். எந்த அறிகுறியும் இல்லாத பெண்களுக்கு இதை ‘பேக்கேஜ்’ பரிசோதனையில் சேர்த்து விற்பது அநியாயம் என்பேன்.

இதில் எம்.ஆர்.ஐ. செய்யும் வேலைதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சினைப்பைக்கு மகாதமனியிலிருந்தே ஒரு தமனி இறங்கி வருகிறது. காம்புக் கட்டிக்குக் கர்ப்பப்பைத் தமனியின் கிளைகள் காம்பு வழியே போகின்றன. ஆக, ரத்தக்குழாயைப் பிடித்துக்கொண்டே போனால் கட்டி யாருடையது என்று தெரிந்துவிடும்.

அந்தக் குழாய் படத்தில் கறுப்பாக விழும். உடலின் ஒரு தளத்திலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களை ரேடியோ அலை ஒருமுறை தட்டும். சில மில்லி விநாடிகள் கழித்து மறுபடி தட்டும். இரண்டு தட்டும் வாங்கிய அணுக்கருவே எதிரொலி தரும். அசையாத திசு தந்துவிடும். ஓடும் ரத்தம் முதல் தட்டை வாங்கிக்கொண்டு, அடுத்தது வருமுன் இடத்தைக் காலி செய்துவிடும். தாதர் பிளாட்பாரத்தில் நின்று ஃபாஸ்ட் லோக்கலில் இருப்பவரிடம் கேள்வி கேட்ட கதைதான். பதில் வருவதற்குள் வண்டி போயிருக்கும். கர்ப்பப்பைக்கும் கட்டிக்கும் நடுவே இப்படிச் சுருண்ட கறுப்புக் கோடுகள் ஓடினால், கட்டி பெரும்பாலும் கர்ப்பப்பையுடையது.

ஊரிலிருந்து அத்தை மந்திரிக்கச் சொல்கிறார் என்றும் வாசகி எழுதியிருக்கிறார். அதற்காக ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். இறுதி முடிவை அறுவைக்குப் பின் திசுப் பரிசோதனையே சொல்லும். ரிப்போர்ட் வந்ததும் டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இரண்டு சினைப்பையும் தனித்தனியே தெரிகிறதா? கட்டிக்கு ரத்தம் எங்கிருந்து வருகிறது?