சோப்பு நுரை நஞ்சை என்ன செய்கிறது?

விடியற்காலையில் கம்பத்திலும் போடியிலும் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். அங்கே தண்டுத் துளைப்பானுக்கும் இலைப்பேனுக்கும் அடிக்கும், 2023 வரை ஏலத்துக்கு அனுமதி இருந்த குயினால்பாஸ் போன்ற கரிம பாஸ்பரஸ் மருந்துகள் செடியோடு நிற்பதில்லை. தெளிப்பான், டிரம், ஜீப் இருக்கை, சட்டை என எல்லாவற்றிலும் படிகின்றன. தண்ணீரை எவ்வளவு ஊற்றினாலும் அந்த வாடை போவதில்லை.

காரணம், மருந்து எண்ணெயைச் சேர்ந்தது. ஒரு லிட்டர் நீரில் குயினால்பாஸ் சுமார் 20 மில்லிகிராம்தான் கரையும். நீரின் பரப்பு இழுவிசையும் அதிகம். மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். அதனால் பிளாஸ்டிக்கின் மேல் நீர் பரவாமல் உருண்டு ஓடிவிடுகிறது.

சோப்பிலும் டிடர்ஜென்ட்டிலும் இருக்கும் சர்ஃபாக்டன்ட் மூலக்கூறுக்கு ஒரு தலை, ஒரு வால். தலை நீரை நாடும், வால் எண்ணெயை நாடும். இவை நீரின் மேற்பரப்பில் அடைந்துகொள்ள, இழுவிசை பாதிக்கும் கீழே இறங்குகிறது; நீர் கீறல்களுக்குள்ளும் நுழைகிறது. செறிவு ஓர் எல்லையைத் தாண்டியதும் மூலக்கூறுகள் வால்களை உள்ளே வைத்து உருண்டைகளாகத் திரள்கின்றன. இவையே மிசெல்கள். டிடர்ஜென்ட்டுகளில் சேரும் சோடியம் லாரில் சல்பேட் என்னும் சர்ஃபாக்டன்ட்டுக்கு அந்த எல்லை லிட்டருக்குச் சுமார் 2.3 கிராம், ஒரு மிசெலில் ஏறத்தாழ 60 மூலக்கூறுகள். எண்ணெய்த் தன்மையுள்ள நஞ்சு அந்த உருண்டையின் உள்ளே புகுந்து நீரோடு வெளியேறுகிறது. எல்லைக்குக் கீழே சோப்பு போட்டால் மிசெலே உருவாகாது.

நுரையாகத் தெளிப்பதற்கும் காரணம் உண்டு. நிமிர்ந்து நிற்கும் பரப்பில் நீர் உடனே வழிந்துவிடும். நுரை ஒட்டி நின்று வேலைக்கு நேரம் தரும்.

ஆனால் நஞ்சைக் கிளப்புவது வேறு, அழிப்பது வேறு. கழுவிய நீரில் நஞ்சு அப்படியே இருக்கிறது. அதை உடைக்கக் காரத்தன்மை வேண்டும். நேர்மின்னூட்டம் கொண்ட சர்ஃபாக்டன்ட்டுகளின் மிசெல்கள் காரத்திலுள்ள ஹைட்ராக்சைடு அயனிகளைத் தம்மருகே இழுத்து, உள்ளே சிக்கிய மூலக்கூறு உடைவதை விரைவுபடுத்துகின்றன. அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வகம் இத்தகைய சர்ஃபாக்டன்ட்டோடு ஹைட்ரஜன் பெராக்சைடைச் சேர்த்து ஒரு நுரையை உருவாக்கியது. 2001-இல் ஆந்த்ராக்ஸ் கிருமி பரவிய அமெரிக்க நாடாளுமன்ற அலுவலகங்களைத் தூய்மைப்படுத்த சாண்டியாவின் நுரை உதவியது. போரில் ஆயுதமாகும் நரம்பு நஞ்சுகளையும் அது உடைக்கும். அந்த நஞ்சுகளும் நம் தோட்டத்து மருந்தும் ஒரே வேதியியல் குடும்பம் என்பதை மறக்கக் கூடாது.

இதைப் படித்துவிட்டு யாரும் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளித்துவிட வேண்டாம். குயினால்பாஸ் போன்றவை அதிலுள்ள குளோரினால் ஆக்சான் என்னும் பொருளாக மாறக்கூடும். நரம்புக்கு அது மூல மருந்தைவிடக் கொடியது.

தோலில் பட்டால் சோப்பும் ஏராளமான தண்ணீரும் போதும். உடனே கழுவ வேண்டும், அழுத்தித் தேய்க்கக் கூடாது. தோல் சிராய்ந்தால் நஞ்சு எளிதாக உள்ளே இறங்கும். காலி டப்பாவை மூன்று முறை அலசி, அந்த நீரைத் தெளிப்பான் தொட்டியிலேயே ஊற்றிப் பயிருக்கே அடித்துவிட வேண்டும். ஓடையில் கழுவினால் அங்குள்ள மீனுக்கும், கீழே குடிப்பவருக்கும் அந்த நஞ்சு போய்ச் சேரும். வேலைச் சட்டையை வீட்டுத் துணிகளோடு சேர்க்காமல் முதலில் அலசி, பிறகு வெந்நீரில் டிடர்ஜென்ட் தாராளமாகப் போட்டுத் துவைக்க வேண்டும். துவைப்பவர் கையுறை அணிய வேண்டும். நீர் கலக்காத மருந்து கொட்டி ஊறிய துணியைத் துவைத்துப் பார்க்கவே வேண்டாம். எத்தனை முறை அலசினாலும் இழைக்குள் கொஞ்சம் தங்கிவிடும்.