பட்டாவில் புஞ்சை என்று இருந்தால் போதுமா?

போன வாரம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மனைவியோடு என் அலுவலகத்துக்கு வந்தார். மஞ்சள் பையிலிருந்து முதலில் ஒரு கிலோ கத்தரிக்காயை எடுத்து மேசையில் வைத்தார். அப்புறம் நாலாக மடித்த நோட்டீஸ், இடத்தைக் காலி செய்யச் சொல்லி. "தம்பி, நான் மாடி வீடா கட்டினேன்? கத்தரியும் முருங்கையும்தானே வச்சேன். பட்டாவுல புஞ்சைன்னுதானே போட்டிருக்கு?" என்றார். இந்த வருஷம் இதே கேள்வியோடு வந்த நாலாவது ஆள் அவர். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவர் வாங்கியது பாளையங்கோட்டைக்குத் தெற்கே பதினான்கு சென்ட். அக்கம்பக்க விலையில் பாதிதான். விலையைக் கேட்டதுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அந்த இடம் இருக்கும் மனைப்பிரிவின் (லே-அவுட்) பழைய வரைபடத்தைத் தேடி எடுத்தேன். மடிப்புகளில் கிழிந்துபோன நீலத்தாள். நடுவில் பச்சைப் பென்சிலால் கோடு கோடாகத் தீட்டிய ஒரு கட்டம், உள்ளே சாய்ந்த எழுத்தில் 'பூங்கா'. புல எண் (சர்வே நம்பர்), உட்பிரிவு, நாலு பக்க அளவு எல்லாம் அப்படியே பொருந்தின. அந்த அம்மா கட்டத்தின் ஓரத்தில் விரலை வைத்து, "இங்கதான் முருங்கை நிக்கு" என்றார். எனக்கு அதற்கு மேல் பேச்சு வரவில்லை.

மனைப்பிரிவு போட்டவர் பூங்கா இடத்தை உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்காமலே விட்டிருக்கிறார். பட்டா அவர் பேரிலேயே கிடந்தது, வாரிசுகள் விற்றுவிட்டார்கள். பழைய பஞ்சாயத்து மனைப்பிரிவுகளில் இது சர்வசாதாரணம். பத்திரம் எழுதவில்லை என்பதற்காகப் பூங்கா தனியார் சொத்தாகிவிடாது. பெங்களூரில் பூங்காவுக்கென்று விட்ட இடத்தை மருத்துவமனைக்கு ஒதுக்கியதே செல்லாது என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கத்தரித் தோட்டத்துக்கு மட்டும் விலக்கு கிடைக்குமா?

இப்போது பட்டாவுக்கு வருகிறேன். வருகிறவர்கள் எல்லோரும் இதைத்தான் நீட்டுகிறார்கள். பட்டா வருவாய்த் துறையின் காகிதம். நிலம் யார் பேரில் இருக்கிறது, எவ்வளவு தீர்வை, அதாவது நிலவரி, என்பதை அது சொல்லும். கால்வாய், குளம் என்று அரசுப் பாசனம் பாய்ந்தால் நஞ்சை, மழையையோ சொந்தக் கிணற்றையோ நம்பியிருந்தால் புஞ்சை. தீர்வை போடுவதற்காகப் பிரித்த பிரிவு அது. இன்றைக்கு அந்த இடத்தில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

அதைச் சொல்வது நிலப் பயன்பாட்டு மண்டலம். 1971-ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டப்படி தயாராகும் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்), புல எண் வாரியாகக் குடியிருப்பு, வணிகம், தொழில், விவசாயம் என்று வகுத்திருப்பார்கள். நம் பக்கத்துக்குத் திருநெல்வேலி உள்ளூர் திட்டக் குழுமத்தில் கேட்க வேண்டும். பட்டாவில் நஞ்சை, திட்டத்தில் குடியிருப்பு என்று இருக்கலாம். பட்டாவில் புஞ்சை, திட்டத்தில் தொழிற்சாலைப் பகுதி என்றும் இருக்கலாம். அப்புறம் மூன்றாவதாக, அந்த மண்டலத்துக்குள் போட்ட மனைப்பிரிவின் வரைபடம். எது சாலை, எது பூங்கா என்பது அதில் மட்டும்தான் இருக்கும். மூன்றையும் பார்க்க வேண்டும். பட்டா ஒன்றைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்காதீர்கள். தரகர் சொன்னார், பத்திரம் எழுதுகிறவர் சொன்னார், அடங்கலில் (கிராமப் பயிர்க் கணக்கில்) வாழை என்று இருக்கிறது என்றெல்லாம் என்னிடம் வந்து சொல்லாதீர்கள்.

இது என்னைப் போன்ற பொறியாளர்களுக்கு: 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மிச்சத்தில் 10 சதவீதம் திறந்தவெளிக்குப் போக வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை இடத்துக்குப் பதிலாகப் பணமாகக் கட்ட வழி உண்டு, அதைத் தாண்டினால் இடமாகவே கொடுத்தாக வேண்டும். பெரிய மனைப்பிரிவில் பூங்காவையே காணோம் என்றால், அது எங்கே போனது என்று நாம்தான் கேட்க வேண்டும்.

எனக்கு விவசாயத்தின் மேல் எந்தக் கோபமும் இல்லை. மாநகராட்சி எல்லைக்குள்ளேயே கார், பிசானம் என்று நெல் பருவங்களைப் பேசுகிற ஊர் இது. பாளையங்கால்வாய்த் தண்ணீரில் மேலப்பாளையம் பக்கம் நாற்று நடுவதைப் பார்த்தாலே மனசு நிறையும். அந்த வயல்களுக்குச் சேர வேண்டிய தண்ணீரைத்தான் கால்வாய்க் கரையில் வேலி போட்டு வாழை வைப்பவர்கள் மறிக்கிறார்கள். கேட்டால், "பி மெமோ கட்டுறோம் சார், ரசீது இருக்கு" என்கிறார்கள். அண்ணாச்சி, அது வாடகை ரசீது இல்லை. 1905-ஆம் வருஷத்து ஆக்கிரமிப்புச் சட்டப்படி போட்ட தண்டம். எத்தனை வருஷம் கட்டினாலும் நீர்நிலைப் புறம்போக்கு உங்களுக்குச் சொந்தமாகாது. 2023 டிசம்பர் 17, 18-ல் வெள்ளம் வந்தபோது ஓடைகள் எதற்காக இருக்கின்றன என்று நாம் எல்லோரும் பார்த்தோமே!

ஊருக்கு வெளியே 'பண்ணை மனை' என்று ஐந்து சென்ட், பத்து சென்ட்டாக விற்கிறார்கள். அங்கீகாரம் இல்லாத வீட்டு மனையைப் பதிய 2016 அக்டோபர் 20 முதல் தடை இருப்பதால், விவசாய நிலம் என்றே எழுதுகிறார்கள். கீரை போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. நாளைக்கு அதில் வீடு கட்ட வரைபட அனுமதி கேட்டு என்னிடம் வந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

வீட்டு மனையில் நாலு செடி வைக்க யாரையும் கேட்க வேண்டாம். தகரக் கூரை ஏறினால் அது கட்டுமானம், பக்கத்து மதிலை ஒட்டிப் போடாதீர்கள். நகருக்குள் மாடு, கோழி வளர்ப்பதற்கு 1997-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது, உரிமம் வாங்குங்கள். மாடியில் மண்ணைக் கொட்டிப் பாத்தி கட்டவே கட்டாதீர்கள். ஓர் அடி உயரத்துக்கு ஈர மண் என்றால் சதுர மீட்டருக்கு ஐந்நூறு கிலோவைத் தாண்டும். ஆள் நடமாடும் மொட்டை மாடிக்குத் தர நிர்ணயத்தில் வைத்திருக்கும் கணக்கு சுமார் 150 கிலோதான். தென்னைநார்க் கழிவு நிரப்பிய பைகளைக் கைப்பிடிச் சுவர் ஓரமாக வையுங்கள்.

இடம் வாங்கும் முன்னால் ஒரு நாள் ஒதுக்குங்கள். பட்டா, புலப்படம், முப்பது வருஷ வில்லங்கச் சான்று, மனைப்பிரிவு வரைபடம், மண்டலச் சான்று எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். புரியவில்லை என்றால் யாராவது ஒரு பொறியாளரிடம் காட்டுங்கள். பணம் கொடுத்துவிட்டு வராதீர்கள், கொடுக்கும் முன் வாருங்கள்.

அந்த ஆசிரியருக்கு, காய்ப்பு முடியும்வரை அவகாசம் கேட்டு மனு எழுதிக் கொடுத்தேன். அறுபது நாள் கிடைத்திருக்கிறது. விற்றவர்கள் மேல் வழக்குப் போட வக்கீலைப் பார்த்திருக்கிறார். தோட்டத்தில் போட்டிருந்த மாட்டுக் கொட்டகையைப் பிரிக்க இந்த ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறது. அதில் கட்டியிருந்த இரண்டு மாடுகளையும் முன்னீர்ப்பள்ளத்தில் இருக்கும் அந்த அம்மாவின் தம்பி வீட்டுக்கு ஓட்டிப் போகிறார்கள்.